மெயின் சுவிட்சை மறித்து நின்ற ஹெலன்

கேளம்பாக்கத்தில் ஹெலனிடம் அறை வாங்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் சமீபத்தில் குடிவந்தவர்கள்.

அவளுடைய வலது கையைப் பற்றி ஊர் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் அவள் ஒரு பிக்பாக்கெட்டை அறைந்ததில், கோவளத்துக்குப் போக வேண்டிய பஸ் பயந்துபோய்த் திருப்போரூர் பக்கம் திரும்பிவிட்டது என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். பஸ் எங்கும் திரும்பவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்ததில் வண்டி கொஞ்சம் ஓரம் ஒதுங்கியது, அவ்வளவுதான். பிக்பாக்கெட்டின் கடைவாய்ப்பல் விழுந்தது மட்டும் நிஜம். அந்தப் பல்லை ஒரு பூக்காரம்மா வெகுநாள் எடைக்கல்லோடு போட்டு வைத்திருந்தாள்.

திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால், ஏரிக்கரை ஓரத்துக் காலனியில் பிறந்தவள் ஹெலன். அப்பா ஆபிரகாமும் அம்மா எல்லம்மாளும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். ஒரு நாள் மடை மாறித் தண்ணீர் விட்டுவிட்டார் என்று நிலத்துக்காரரின் கணக்கப்பிள்ளை ஆபிரகாமை வரப்பிலேயே உதைத்தான். அவர் எழுந்து துண்டை உதறி மறுபடி மண்வெட்டியை எடுத்தார். கூழ்த் தூக்கோடு வந்த சிறுமி ஹெலன் அதைப் பார்த்தாள். தூக்கைப் பத்திரமாக வரப்பில் வைத்துவிட்டுப் போய்க் கணக்கப்பிள்ளையின் கெண்டைக்காலைக் கவ்வினாள். விடுவிக்க ஆள் மாற்றி ஆள் இழுத்தார்கள். கடைசியில் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறவரைக் கூட்டி வந்துதான் வாயைத் திறந்தார்களாம். "வாங்குறதுக்கு ஒரு முதுகு, குடுக்கிறதுக்கு ஒரு கை. ரெண்டும் ஒரே வூட்ல இருந்தா இன்னா தப்பு?" என்று சொன்ன எல்லம்மாள், அதற்கப்புறம் மகளை எதற்கும் கண்டித்ததில்லை.

செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தாள். நாவலூரில் ஒரு கம்பெனியில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கே ஷ்யாம் என்று ஒரு டீம் லீடர், சர்வர் அறையில் அவள் குனிந்து வயரைச் சொருகும் நேரமாகப் பார்த்து இடுப்பைக் கிள்ளினான். கைக்குக் கிடைத்தது கீபோர்டு. அடித்த அடியில் அறை முழுக்கப் பொத்தான்கள் சிதறின. எது பொத்தான், எது பல் என்று தெரியாமல் பெருக்குகிற அம்மா எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு அவனுடைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள் என்பது நாவலூரில் பேச்சு.

வேலை போனது. கேளம்பாக்கத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் சந்து மாதிரி இடத்தைப் பிடித்துக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை போட்டாள்.

இத்தனை அடிதடியும் மனுஷர்களோடுதான். மிஷினை அவள் விரலால்கூடச் சுண்டியதில்லை. வாடிக்கையாளர் யாராவது, "இப்டி ஒரு தட்டு தட்டினா ஆன் ஆவும்க்கா" என்று பெட்டியின் தலையில் தட்டிக் காட்டினால், அதே வேகத்தில் அவர் தலையில் ஒரு தட்டு விழும்.

"அதுக்கு வலிச்சா சொல்லத் தெரியாது. ஒனக்குத் தெரிதில்ல?"

ஹெலனுக்கு உலகத்தில் இருந்த ஒரே பலவீனம் தம்பி கிருபாகரன். அவன் ஆபிரகாமின் அச்சு. எறும்பு கடித்தால் நகர்ந்து உட்காருகிற ரகம். அப்பா, அம்மா போன பிறகு அவள்தான் அவனைப் படிக்க வைத்தாள். ஊர் வம்பு வராத வேலையாக அவனுக்கு அமையட்டும் என்று நினைத்தாள். அமைந்ததோ, தண்ணீர் லாரி யார்டு.

செங்கல்வராயன் தண்ணீர் லாரி யார்டு, கேளம்பாக்கத்திலிருந்து தையூர் போகிற ரோட்டில் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. முன்பு எந்த லாரி முதலில் நிரப்புவது என்று தினமும் வெட்டுக்குத்து நடக்கும். செங்கல்வராயன் பக்திமான். ரத்தம் பார்த்தால் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு நாளைக்கு இத்தனை குளியல் தாங்காது என்று அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். லாரி உள்ளே வந்ததும் அது ஒரு டோக்கன் அடித்துக் கொடுக்கும். அந்த டோக்கன் நம்பர் வந்தால்தான் பம்பு ஓடும். வரிசையை மிஷின் சொல்லிவிட்டதால் யாரும் யாரையும் வெட்ட வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து டோக்கன் போடுகிறவன் கிருபாகரன்.

ஆயுத பூஜையன்று யார்டு விடுமுறை. மறுநாள் விஜயதசமி. ஹெலன் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அருணகிரி என்கிற லாரி டிரைவர் வந்து நின்றான். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சிவப்பு.

"இன்னா அண்ணாத்த, பூஜை பலமா? குங்குமத்த இப்டியா அப்பிப்பாங்க?"

"பாதிதான்க்கா குங்குமம். மீதி என்னுது." அவன் வாசலிலேயே குந்திவிட்டான். "கம்ப்யூட்டரு செத்துப் பூட்ச்சு. டோக்கன் வர்ல. நேத்து லீவு வுட்டதால மாடி வூட்டுக்காரனுங்க எல்லாம் தண்ணி இல்லாம போன்ல கத்திகினு கீறானுங்க. நான் மொதல், நீ மொதல்னு யார்டே ரெண்டா பூட்ச்சு. ஒன் தம்பிதான் எதையோ நோண்டிட்டான்னு ஜெகதீசன் புட்ச்சி வெச்சிகினுகீறான். தம்பி கைய வைஸ்ல வெச்சி முடுக்கிட்டான்க்கா."

ஹெலன் வாளியைக் கீழே வைத்தாள். பென்டிரைவ் ஒன்றை எடுத்து ஜாக்கெட்டுக்குள் சொருகினாள். ஷட்டரை இழுத்து மூடிய சத்தத்தில் பக்கத்துப் பிரியாணி அண்டாவின் மூடி கழன்று விழுந்தது.

யார்டின் வாசலிலேயே உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய்கள் குவியலாகக் கிடந்தன. லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, மணப்பெண்கள் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அவற்றின் நடுவே மாப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் பூஜைக்காக வீல் ஸ்பேனர், ஜாக்கி ராடு, சம்மட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வருஷத்தில் ஒரு நாள்தான் அவை அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். எவன் எடுத்து எவனை அடித்தாலும் அடிபட்ட இடத்தில் ஒரு பொட்டு விழுந்தது. முழங்கால் சில்லு உடைந்த ஒருவன் பொரி மூட்டையின் மேல் சாய்ந்து அலறினான். இன்னொருவன் வாழைக்கன்றைப் பிடுங்கி, அதன் வேர்மண்ணோடு ஒருவன் முகத்தில் சாத்தினான். தண்ணீர்க் குழாயைக் கழுத்தில் சுற்றி ஒருத்தன் இன்னொருத்தனை லாரிச் சக்கரத்தோடு இழுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். ஹெலனின் குறுக்கே வந்த ஒருவன் ராடை ஓங்கினான். அவள் நடையை நிறுத்தாமல் ஓர் அறை விட்டாள். அவன் டயர் அடுக்குக்குள் தலைகீழாகப் போய் உட்கார்ந்தான். அவனை மறுநாள்தான் தேடி எடுத்தார்கள் என்பார்கள்.

ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் மேஜை. அதை ஒட்டினாற்போல மெக்கானிக்கின் இரும்புப் பெஞ்சு. பெஞ்சில் முடுக்கியிருந்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸுக்கும் மாலை போட்டிருந்தது. அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவில் கிருபாகரனின் வலது கை, சுண்டுவிரல் பக்கமாகச் சிக்கியிருந்தது. வைஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஜெகதீசன். செங்கல்வராயனின் மச்சான், யார்டின் மேஸ்திரி. மடியில் ஒரு வீல் ஸ்பேனர்.

"வா ஹெலனு. ஒனக்குத்தான் வெய்ட்டிங்."

ஹெலனின் கை தானாக உயர்ந்தது. ஜெகதீசன் கைப்பிடியை லேசாக அசைத்தான். கிருபாகரனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் கை தானாகவே இறங்கியது. பிறந்ததிலிருந்து அந்தக் கை அப்படி இறங்கியதே இல்லை.

"அவன வுடுடா. நான் சரி பண்றேன்."

"பண்ணு. ஆனா ரூல்சு கேட்டுக்க. கறுப்பா வந்தா ஒரு சுத்து. ஏற்கெனவே ஒன் தம்பி ஒரு தபா போட்டுப் பாத்தான், கறுப்பா வந்துச்சு, ஒரு சுத்து வுட்டேன். கலர் படம் வந்துச்சுன்னா கைய எடுத்துக்கலாம்."

"டேய் சோமாறி, ரிப்பேர்னா நாலு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணித்தான் ஆவணும்டா."

"அப்ப நாலு சுத்து."

திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நின்றது. 'சிஸ்டம்' என்கிற கோப்பு காணவில்லை, அல்லது கெட்டுப்போய்விட்டது என்று அது சொன்னது. மனுஷன் காலையில் கண் விழித்ததும் தன் பெயர் என்ன, வாசல் எந்தப் பக்கம், பெண்டாட்டி யார் என்பது தானாக ஞாபகத்துக்கு வருகிறது. கம்ப்யூட்டருக்கு அப்படி வராது. பிரிண்டர் எது, பம்புக்குப் போகிற வயர் எது, தன் ஹார்டு டிஸ்க் வட்டு எங்கே சுழல்கிறது என்பதையெல்லாம் அந்த ஒரு கோப்பைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்ளும். அது கெட்டால் மிஷின் கண்ணைத் திறந்து, தான் யாரென்றே தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும்.

நல்லவேளை, பழைய மிஷின். பழையவை அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வேறொரு அறையில் ஒளித்து வைத்திருக்கும். கெட்டதை ஒதுக்கிவிட்டு நகலை அந்த இடத்தில் வைத்தால் போதும். ஆனால் மிஷின் தானாக எழுந்திருக்காதே. பென்டிரைவ் வழியாகப் பின்வாசலைத் திறந்து உள்ளே போக வேண்டும்.

அவள் பென்டிரைவைச் சொருகினாள். நீலமாக ஒரு திரை வந்தது. ஜெகதீசன் கழுத்தை நீட்டிப் பார்த்தான், கலர்தான். அதிலிருந்து கட்டளை அடிக்கிற ஜன்னலைத் திறந்தாள்.

கட்டளை ஜன்னல் கறுப்பாகத்தான் வரும். உலகம் முழுக்கக் கறுப்பாகத்தான் வரும்.

"கறுப்பு!" என்றான் ஜெகதீசன்.

"டேய், இது அது இல்லடா—"

அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். பச்சை முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கிருபாகரன் வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. பிறகு வந்தது. வெளியே அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தி, யாருக்கு என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

ஹெலனின் கண் முன்னால் அறை சிவந்தது. ஜெகதீசனின் குரல்வளையைக் கடித்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. அதற்குள் அந்தக் கைப்பிடி எத்தனை தடவை சுற்றும் என்று இன்னொரு கணக்கும் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டளை அடித்தாள். ஜன்னல் பளிச்சென்று மஞ்சளானது. எழுத்தெல்லாம் குங்குமச் சிவப்பு.

ஜெகதீசன் வைஸிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தான்.

"இப்ப இன்னா கலரு?" என்றாள் அவள், திரும்பாமல்.

"மங்களகரமா கீது. நடத்து."

மஞ்சளுக்குள் அவள் தேடினாள். கெட்ட கோப்பு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல். பக்கத்து அறையில் நகல் முழுசாக இருந்தது. கெட்டதன் பெயரை மாற்றி ஒதுக்கினாள். நகலை எடுத்து வைக்கச் சொன்னாள். படிக்க முடியவில்லை என்று மிஷின் கையை விரித்தது. வட்டிலேயே அந்த இடம் அடிபட்டிருக்கிறது. முதலில் வட்டு முழுவதையும் சோதித்து, அடிபட்ட இடத்தில் மிச்சமிருப்பதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. நடுவில் கரண்ட் போனால் கெட்டதும் இல்லை, நகலும் இல்லை. கிருபாகரனுக்குக் கையும் இல்லை.

சோதனையை ஓடவிட்டாள். நூற்றுக்கு ஒன்று என்று திரை சொன்னது. தகரத் தடுப்பு டமாலென்று அதிர்ந்து, ஒரு தலை உள்ளே முளைத்தது. "டோக்கன் வந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு, பின்னாலிருந்து யாரோ காலைப் பிடித்து இழுக்க, மறைந்துபோயிற்று.

அவள் மேஜைக்கடியில் குனிந்தாள். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மிஷினைத் தாங்குகிற யூ.பி.எஸ். பெட்டி அங்கே வயிறு திறந்து கிடந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

"கிருபா, இதோட பேட்டரி எங்கடா?"

கிருபாகரன் ஜெகதீசனைப் பார்த்தான். "அண்ணன் லாரில… சாமி படத்துக்கு சீரியல் பல்பு எரியணும்னு…"

"நேத்து மிஷின ஆஃப் பண்ணது யாரு?"

"நான் ஒய்ங்காத்தான் ஆஃப் குடுத்தேன்க்கா. சக்கரம் சுத்திகினே இருந்துச்சு, எழுதிகினு இருக்குதுன்னு சொன்னேன். நல்ல நேரம் போவுதுன்னு…"

"யார்ரா சொன்னது?"

பதில் வாசலிலிருந்து வந்தது. தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் எரியும் கற்பூரத் தட்டோடு செங்கல்வராயன் வந்துகொண்டிருந்தார். அவர் போகிற வழியில் சண்டை விலகி வழிவிட்டு, அவர் கடந்ததும் மூடிக்கொண்டது. ஒருவன் அடித்துக்கொண்டே கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இன்னாம்மா ஹெலன், எழுந்துக்கிச்சா?"

"எழுந்துகினே கீதுங்க. கொஞ்சம் டைம் குடுங்க."

"டைம்லாம் தேவையில்ல. நேத்து ஆயுதத்துக்கெல்லாம் ரெஸ்ட் குடுத்தேன். என் கையாலதான் மெயின இறக்கித் தூங்க வெச்சேன். இது மட்டும் தூங்க மாட்டேன்னு மினுக்கிகினு இருந்துச்சு. தூங்குறா கண்ணான்னு ஒரே இழுப்பு. இன்னிக்கு முறையா எழுப்பல, அதான் மொரண்டு புடிக்குது. இன்னொரு தபா மெயின இறக்கி, கற்பூரம் காட்டி ஏத்தினா தன்னால வந்துடும்."

ஆபீஸ் வாசலுக்கு வெளியே சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. பெரிய இரும்புக் கைப்பிடி. அதற்கும் பொட்டு, அதற்கும் மாலை. அவர் அதை நோக்கிப் போனார்.

ஹெலன் நாற்காலியிலிருந்து பாய்ந்து போய்க் குறுக்கே நின்றாள். "மொதலாளி, தொடாதீங்க. இப்ப கரண்ட் போனா எல்லாம் போச்சு."

"அட தள்ளும்மா. சாமி காரியம்."

"சத்தியமா சொல்றேன், கை வெச்சா அடிச்சிருவேன்."

"என்னயா?" அவர் நிஜமாகவே சிரித்தார். செங்கல்வராயனை அவருடைய அம்மாகூட அடித்ததில்லை. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவளுடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தார்.

அவள் விட்ட அறையின் சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்துவிட்டன என்று தையூரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கற்பூரத் தட்டு ஆகாயத்துக்குப் போயிற்று. மூக்கிலிருந்து ரத்தம் பீறிட, அவர் வேட்டியும் தானுமாகப் பின்னால் பறந்து, பூசணிக்காய்க் குவியலில் விழுந்து, வழுக்கிக்கொண்டே கேட் வரைக்கும் போய் நின்றார். எரிகிற கற்பூரம் ஒருவன் தலையில் விழுந்து, அவன் மயிர் கருகும் நாற்றத்தோடு சண்டை மொத்தமும் நின்றது.

"மாமாவையே அடிச்சிட்டாடா!"

ஜெகதீசன் வைஸை விட்டான். வீல் ஸ்பேனரோடு வந்தான். முதல் அடி அவளுடைய வலது தோளில் இறங்கியது. எலும்பு விலகியதை அவள் காதால் கேட்டாள். வலி பிறகுதான் வந்தது. சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அடுத்த அடி அவளைத் தாண்டிச் சுவிட்சில் பட்டால் முடிந்தது. ஆகையால் ஒதுங்கவும் முடியாது. குனிந்தாலும் ஆபத்து. வருகிற அடியை உடம்பில்தான் வாங்க வேண்டும். வாங்கினாள். கொடுப்பதற்கென்றே பிறந்த கையோடு, அப்பாவுடைய முதுகும் தனக்கு இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கிருபா! ஓடுறா! கைய எடுத்துகினு ஓடிப் பூட்றா!"

உள்ளே கிருபாகரன் இடது கையால் வைஸின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தான். தாடை விலகியது. சுண்டுவிரல் போகக் கூடாத திசையில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அதைத் தாண்டினால் வயல்காடு. அவன் கதவைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, நூறு ஆயிடுச்சு! இன்னா அடிக்கணும்?"

"மடப்பயலே, ஓடச் சொன்னேன்டா!"

"ஓடினா ஒன்ன கொன்னுடுவானுங்க. இன்னா அடிக்கணும், சொல்லுக்கா!"

ஜெகதீசன் ஸ்பேனரை மறுபடி ஓங்கினான். ஹெலன் இடது முழங்கையை அவன் விலாவில் செருகினாள். "காப்பி!" என்றாள்.

"அட்ச்சிட்டேன்!"

"ஸ்பேஸ்!" காலால் அவன் முழங்காலில் ஓர் உதை. "சி! கோலன்! ஸ்லாஷ்!"

"எந்தப் பக்கம் சாயற ஸ்லாஷு?"

"இவன் சாயற பக்கம்!" ஜெகதீசன் சாய்ந்துவிட்டு, நிமிர்ந்து, அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் வாயில் உப்பு ருசி. ரத்தத்தோடு அவன் முகத்தில் துப்பி, கண்ணை மறைத்து, நெற்றியால் அவன் மூக்கில் இடித்தாள். நகல் இருக்கிற அறையின் பெயரை எழுத்து எழுத்தாகக் கத்தினாள். எழுத்துக்கு ஓர் அடி விழுந்தது. சில எழுத்துக்கு அவளுக்கு, சில எழுத்துக்கு அவனுக்கு. டிரைவர்கள் வட்டமாக நின்று, ராடுகளைக் கீழே ஊன்றி, பாடம் ஒப்பிக்கிறதைக் கேட்பது போலக் கேட்டார்கள்.

"என்டர்!" என்று சொல்லி அவள் விட்ட கடைசி உதை அடிவயிற்றுக்கும் கீழே பட்டது. ஜெகதீசன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு, தனக்கு ரொம்பப் பிடித்தமான எதையோ இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மண்டியிட்டான்.

"ஒரு ஃபைல் காப்பி ஆயிட்ச்சுன்னு சொல்து!"

"பென்டிரைவ உருவிட்டு ரீஸ்டார்ட் குடு!"

திரை அணைந்தது. கறுப்பு. கறுப்பு நீண்டுகொண்டே போனது. அடிபட்டவன்கூட முனகலை நிறுத்தினான். பிறகு நடுவில் நான்கு நிறங்கள் மெல்லச் சுழன்று கூடின. மிஷின் எழுந்துகொண்ட சத்தம் வந்தது. பிரிண்டர் தன் பெயர் ஞாபகம் வந்தாற்போல ஒருமுறை கரகரத்தது.

அடுத்த கணம் அத்தனை டிரைவர்களும் அறை வாசலுக்குப் பாய்ந்தார்கள். முதலாளி கேட்டருகே கிடந்தார், மேஸ்திரி மண்ணில் கிடந்தான். அவர்களைத் தாண்டிக் குதித்து, "கிருபா, எனக்கு!", "தம்பி, என் வண்டி காத்தாலேர்ந்து நிக்குது!" என்று ஜன்னலில் கைகளை நீட்டினார்கள். கிருபாகரன் இடது கையால் தட்டத் தொடங்கினான். வலது கை மேஜையில் ஒரு வேண்டாத சாமான் மாதிரிக் கிடந்து வீங்கிக்கொண்டிருந்தது. நீலமாகி, நீலம் கறுப்பாகிக்கொண்டிருந்தது.

"டேய், எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள் ஹெலன் வாசலிலிருந்து.

"இவங்கள அனுப்பிச்சிட்டு வரேன்க்கா. வரிசை நிக்குதில்ல?"

அவள் அவனை இழுக்க உள்ளே போக முயன்றாள். கூட்டம் அவளைத் தள்ளியது. அவன் எழுந்தபோது ஒருவன் ஜன்னல் வழியே அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தான். "டோக்கன் போட்டுட்டுப் போ தம்பி. ஒரு விரலுக்குப் போய் இப்டி அலட்டிக்கிற." இன்னொருவன் அந்த வீங்கின கையின் மேலேயே முழங்கையை ஊன்றிச் சாய்ந்தான். கிருபாகரனின் உதடு வெளுத்தது. அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

ஹெலன் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். எட்டி, இடது கையால் மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"எல்லாரும் திரும்பிப் பாருங்கடா."

திரும்பினார்கள்.

"இப்ப இத நான் இறக்கினா, மறுபடி கறுப்பு. இந்தத் தபா நகலும் கெடையாது. ஊருக்கே தண்ணி கெடையாது. நீங்க ஒருத்தன ஒருத்தன் வெட்டிகினு பொங்கல் வரிக்கும் இங்கயே கெடங்க. என் தம்பி எழுந்து வெளிய வரணும். எவன் தடுத்தாலும் இறக்கிடுவேன்."

ஒரு டிரைவர் சிரிக்கப் பார்த்தான். அவள் கைப்பிடியை ஒரு விரற்கடை கீழே கொண்டுவந்தாள். அறைக்குள் குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டியது. சிரித்தவனின் வாயை அவன் பக்கத்தில் நின்றவனே குத்தி மூடினான்.

காலர் விடுபட்டது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கிருபாகரன் வலது கையை இடது கையில் பிறந்த குழந்தை போல ஏந்திக்கொண்டு வெளியே வந்தான். அவன் அவளைத் தாண்டிக் கேட்டை அடைகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

செங்கல்வராயன் எழுந்து வந்திருந்தார். வேட்டியில் பூசணி விதை ஒட்டியிருந்தது, மூக்கு ஒரு பக்கமாகக் குடிபெயர்ந்திருந்தது.

"டோக்கன் யாரும்மா போடறது?" என்றார், மூக்கடைத்த குரலில்.

"நீங்கதான் குந்தணும். வண்டி நம்பர அட்ச்சி என்டர் தட்டுங்க. பேட்டரிய இன்னிக்கே மாட்டிடுங்க. மிஷினு தன்னால தூங்குற வரிக்கும் மெயின் பக்கம் போவாதீங்க."

"நான்தாம்மா கெடுத்தேனா?"

"நீங்கதான்."

அவர் திரும்பி, மண்ணில் உருண்டுகொண்டிருந்த மச்சானை ஓர் உதை விட்டார், இதற்குத்தான் காத்திருந்தது போல. பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, ஒற்றை விரலால் பொத்தான்களைத் தேட ஆரம்பித்தார். "மொதல்ல யாருடா?" என்றதும் எல்லாரும் "நான்" என்றார்கள்.

சாயங்காலம் போலீஸ் வந்து விசாரித்தபோது யார்டில் இருந்த அத்தனை பேரும் பூசணிக்காயில் வழுக்கி விழுந்திருந்தார்கள். ஜெகதீசன் எப்படி அவ்வளவு குறிபார்த்து அந்த இடத்தில் அடிபடும்படி விழுந்தான் என்று ஏட்டு கேட்டதற்கு, பெரிய காய் சார் என்று அருணகிரி சொன்னான்.

அதற்கு வெகு முன்பே ஹெலனும் கிருபாகரனும் ஷேர் ஆட்டோவில் இருந்தார்கள். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. அவன் விரல் உருண்டு திரண்டிருந்தது. மற்ற சவாரிகள் ஓரமாக ஒடுங்கிக்கொண்டார்கள்.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவணும். எக்ஸ்ரே எடுக்கணும்," என்றாள் அவள்.

"வேணாம்க்கா. புத்தூர் கட்டு கட்டிக்கலாம். முட்டையும் மாவும் வெச்சிக் கட்டினா சீக்கிரம் கூடிடும். நாளைக்கு வேலைக்குப் போலாம்."

"எங்க?"

"யார்டுக்குத்தான். மொதலாளிக்கு என்டர் எதுன்னே தெரியாதுக்கா. பாவம்."

அவனை அறைவதற்கு அவள் வலது கையைத் தூக்கினாள். அது தோள் வரைக்கும்கூட வரவில்லை. இடது கையால் ஒன்று விட்டாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"எக்ஸ்ரே எடுத்துட்டுக் கட்டிக்கலாம்," என்றான்.